ஜெய்சல்மேர் கானமயில் படம்: வேலிக்கு உள்ளேயா, வெளியேயா?

செந்தூல் வாசி:
பிறை லென்ஸ் நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ராஜஸ்தான் பாலைவனத் தேசியப் பூங்காவில், வேலி போட்டுக் காக்கிற இடத்தில், கானமயிலைப் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) படம் எடுத்தாராம். நல்லது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "தீபாவளி லீவில் போகிறவர்கள் அனுமதி, வேலி என்று பயப்படாதீர்கள், ஜீப் டிரைவரிடம் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்" என்று நம் மலேசிய ஆட்களுக்கு வழி வேறு காட்டுகிறார். உலகத்திலேயே சுமார் 150தான் மிச்சம் இருக்கும் என்று சொல்லப்படும் பறவை அது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் பாலைவனத்தில் வளரும் சேவண் புல் பறவையின் வயிற்றை மறைத்து நிற்கிறது, நுனிக்கதிர்கூட உதிரவில்லை. ஆடும் மாடும் ஒட்டகமும் மேய்கிற வெளி நிலத்தில் புல் அப்படியா நிற்கும்? வேலிக்கு உள்ளே போய்த்தான் எடுத்திருக்கிறார்.

பிறை லென்ஸ்:
அண்ணே, கோலாலம்பூர் செந்தூலில் உட்கார்ந்துகொண்டு ஜெய்சல்மேர் புல்லை அளக்கிறீர்கள். பூங்காவின் சுதாசரி கேட்டில் டிக்கெட் வாங்கினேன், ஜீப் தடத்தில் நின்றேன், வேலிக்கு வெளியே நின்றுதான் எடுத்தேன். நல்ல மழை பெய்த வருஷத்தில் வெளியேயும் புல் நிற்கும்.

செந்தூல் வாசி:
மழையை யார் கேட்டது? வெளியே நின்று எடுத்த படம் என்றால் வேலிக் கம்பி எங்கே? ஒரு கம்பிகூட இல்லையே.

பிறை லென்ஸ்:
600 எம்எம் லென்ஸை வேலிக்குப் பக்கத்தில் வைத்தால் கம்பி கரைந்து போய்விடும். கேமரா பிடித்தவனுக்குத் தெரியும்.

செந்தூல் வாசி:
கம்பி கரையும், சரி. புல்லுமா வளரும்?

பாலிக் புலாவ் டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த வேலி எதற்கு என்று யாராவது யோசித்தீர்களா? கானமயில் கூடு கட்டாது. வெறும் தரையில் முட்டை இடும், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. நாய், நரி, மேய்கிற மாடு, நடக்கிற மனிதன், எது கிட்டே போனாலும் தாய் எழுந்து போய்விடும். அந்த ஒரு முட்டைக்குத்தான் வேலி. ஆனால் வேலியால் தடுக்க முடியாத எமன் ஒன்று இருக்கிறது, மின்கம்பி. 15 கிலோ வரை எடையுள்ள பறவை, முன்பக்கப் பார்வை குறைவு, கம்பி தெரியும்போது திரும்ப நேரம் இருக்காது. 2021ல் இந்திய உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024ல் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. பேச வேண்டியது இதைத்தான்.

செந்தூல் வாசி:
டீச்சர் சொல்வது அத்தனையும் உண்மை. அதனால்தான் கேட்கிறேன். ஒரு முட்டை இருக்கிற இடத்தில் இவர் எந்தக் காலை வைத்து நின்றார்? புல்லுக்குப் பதில் வேண்டும்.

ரவாங் பையன்:
ஒரு சந்தேகம். அது கானமயில்தானா? குளிர்காலத்தில் ஹௌபாரா என்கிற இன்னொரு பஸ்டர்டும் அந்தப் பக்கம் வருமே?

பிறை லென்ஸ்:
தம்பி, ஹௌபாரா சின்னது, மணல் நிறம், கழுத்தின் பக்கவாட்டில் கறுப்புக் கோடு இறங்கும். என் படத்தில் தலையில் கறுப்புத் தொப்பி, வெளுத்த நீளக் கழுத்து, நின்றால் ஒரு மீட்டர் உயரம். இதுகூடத் தெரியாமல் ஏன் உள்ளே வருகிறீர்கள்?

ரவாங் பையன்:
கேட்டதுதான் குற்றமா? உங்களுக்கு வந்தால் மட்டும் சந்தேகம், எங்களுக்கு வந்தால் அறியாமை.

செந்தூல் வாசி:
பையனைத் திட்டாதீர்கள். பறவை கானமயில்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் புல்லில்.

பிறை லென்ஸ்:
உள்ளே, வெளியே என்று சட்டம் பேசுகிறவர் ஃபிரேசர் மலையில் புழு வைத்துப் பறவையை இறக்கிப் படம் எடுத்ததை மறந்துவிட்டார் போல. நாங்கள் மறக்கவில்லை.

செந்தூல் வாசி:
அந்தப் புழுவை நான் வைக்கவில்லை. எனக்கு முன்னால் வந்தவர்கள் வைத்தது. பல தடவை சொல்லிவிட்டேன்.

பிறை லென்ஸ்:
வைத்தது வேறு ஆள், படம் மட்டும் உங்களுடையது. அதேபோல வேலி போட்டது வேறு ஆள், படம் என்னுடையது. விடுங்கள் லா.

பாலிக் புலாவ் டீச்சர்:
இது பெருமையாகச் சொல்கிற விஷயமா, தம்பி? நம் பினாங்கு ஆயர் ஹீத்தாம் டாலாமில் சதுப்புநிலத் தோட்டக்கள்ளன் (பிட்டா) பறவைக்கு ஸ்பீக்கரில் குரல் போட்டவர்களும் இப்படித்தான் பேசினார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் கூட்டமாக வந்துபோன பிறகு அது வெளியே தலைகாட்டவே இல்லை.

செந்தூல் வாசி:
அதில் எங்களை ஏன் இழுக்கிறீர்கள்? பினாங்கு ஆட்களே இடத்தை மறைத்து வைத்துக்கொண்டு தாங்கள் மட்டும் வாரம் முழுக்கப் போனார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் விடியாது. சேவண் புல்லுக்கு வருவோம்.

ரவாங் பையன்:
வேலியே இல்லாத இடம் ஏதாவது சொல்லுங்களேன். எனக்குப் போக ஆசை.

பாலிக் புலாவ் டீச்சர்:
ராஜஸ்தானிலேயே கீச்சன் கிராமத்துக்குப் போ. குளிர்காலத்தில் டெமாய்செல் பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும், ஊர்க்காரர்களே தானியம் போடுகிறார்கள். பிகானேர் பக்கம் ஜோர்பீரில் செத்த மாடு, ஒட்டகங்களைக் கொட்டும் இடத்தில் கழுகுகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் பார்க்கலாம், நாற்றம் தாங்கினால். கானமயில் வேண்டுமென்றால் ஜெய்சல்மேரில் வனத்துறையிடம் முறையாகக் கேள். அது பாகிஸ்தான் எல்லையோர மாவட்டம், நமக்கு இருப்பது மலேசியப் பாஸ்போர்ட். சில பகுதிகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். பொக்ரான் பக்கம் கானமயில் இருக்கிறதே என்று கிளம்பிவிடாதே, அது ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் களம். டிரைவர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் இறங்கி வேறு ஜீப் பிடி.

பிறை லென்ஸ்:
டீச்சரும் என்னைத்தான் குத்துகிறார். அங்கே கிராமத்து ஓரண் காடுகளிலும் கானமயில் வந்து மேய்கிறது. கோவில் நிலம், வேலி கிடையாது. பறவை என்ன கேட் பார்த்தா இறங்குகிறது?

செந்தூல் வாசி:
பறவை பறந்து போகும், உங்கள் ஜீப் பறக்காது. ஓரண் என்று இப்போது சொல்கிறீர்கள். முன்னால் சுதாசரி என்றீர்கள். ஓரணிலும் ஊர் ஆடு மேயும். அங்கேயும் அந்தப் புல் நிற்காது.

பிறை லென்ஸ்:
புல், புல், புல். அண்ணனுக்கு இந்த ஜென்மத்தில் அது போதும்.

செந்தூல் வாசி:
போதும்தான். அதற்கு முன்னால் எடுத்த படங்களையும் பின்னால் எடுத்ததையும் வெட்டாமல் இங்கே போடுங்கள். தடமும் கம்பியும் எங்கே என்று எல்லோரும் பார்க்கட்டும்.

பிறை லென்ஸ்:
எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. பினாங்கு வந்தால் மடிக்கணினியில் காட்டுகிறேன். இங்கே போட மாட்டேன்.

செந்தூல் வாசி:
பினாங்கு வருவதற்கு ஒன்றும் இல்லை. இங்கே போடுங்கள்.