காது கீலாய்டுக்கு ரேடியேஷன் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்கு மேல்காதில் குத்திய இடத்தில் கீலாய்டு (காயம் ஆறிய பிறகும் அடங்காமல் வளரும் தழும்புக் கட்டி) வளர்ந்து நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. ஸ்டீராய்டு ஊசிக்கு அடங்கவில்லை. வெட்டி எடுத்தோம், முன்னைவிடப் பெரிதாக வந்துவிட்டது. வெறுமனே வெட்டினால் பலருக்கும் திரும்ப வருமாம். அதனால் இந்த முறை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் எலக்ட்ரான் ரேடியேஷன் தொடங்கலாம் என்கிறார் டாக்டர். அது ஆழமாகப் போகாது, தழும்பு திசு மறுபடி பெருகுவதைத்தான் தடுக்கும் என்று விளக்கினார். ஆனாலும் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகணும் என்றதும் அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

மதுரை, திருச்சி பக்கம் அறுவையும் ரேடியேஷனும் ஒரே இடத்தில் செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தோல் கருத்ததா? செலவு எவ்வளவு? இரண்டு மூன்று வருடம் கழித்தும் கட்டி வராமல் இருக்கிறதா? எனக்கு இதுதான் முக்கியம். கைவைத்தியம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.