மேப், ஃபில்டர் எல்லாம் ஃபார் லூப்பை விட மெதுவா?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்ல 10 லட்சம் பதிவு இருக்கிற அரே (வரிசைப் பட்டியல்). ஃபில்டர் (வேண்டியதை மட்டும் எடுக்க), மேப் (ஒவ்வொண்ணையும் மாத்த), ரெட்யூஸ் (எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்க்க)னு கோத்து எழுதினேன். ரிவ்யூ பண்ண சீனியர் "எல்லாத்தையும் ஃபார் லூப்பா மாத்து"ங்கறார். படிக்க நல்லா இருக்கிற கோடை எதுக்குங்க உடைக்கணும்?

பதில் 1: முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ரெட்யூஸ் உள்ள மூணு புள்ளி (ஸ்ப்ரெட், பழைய ஆப்ஜெக்ட்ல இருக்கறதை அப்படியே காப்பி பண்றது) போட்டு, ஒவ்வொரு சுத்துலயும் புது ஆப்ஜெக்ட் உருவாக்கறீங்களா?

கேட்டவர்: ஆமாங்க, ஐடி வாரியா சேர்க்க.

பதில் 1: அதான் ஆளைக் கொல்லுது! அதுவரை சேர்ந்த கீ (இங்க ஐடி) எல்லாத்தையும் திரும்பத் திரும்பக் காப்பி பண்ணுது. பதிவும் கீயும் இரட்டிப்பானா வேலை நாலு மடங்கு. ஒரே மேப் ஆப்ஜெக்ட்ல (கீயும் அதோட மதிப்பும் வைக்கற பெட்டி) செட் பண்ணிட்டுப் போங்க. (அரேயோட மேப் மெத்தட் வேற, இது வேற. பேர் வச்ச புண்ணியவான் வாழ்க.) மத்தபடி ஃபில்டரும் மேப்பும் ஆளுக்கொரு புது அரே உருவாக்கும், மெமரி போகும். கால்பேக் (நீங்க உள்ள குடுக்கற ஃபங்ஷன்) கூப்பிடற செலவை வி8 (குரோம், நோட்ல இருக்கற ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின்) பல நேரம் இன்லைன் பண்ணி, அதாவது ஃபங்ஷன் கோடை அங்கேயே ஒட்டி, குறைச்சிடும். சீனியர் சொல்றது பொய் இல்லை, ஆனா உங்க வியாதிக்கு அது மருந்து இல்லை.

பதில் 2: கோட்லின் மொழியிலயும் இதே கதைதான். மேப், ஃபில்டர் இன்லைன் ஃபங்ஷன், ஆனா நடுவுல லிஸ்ட் உருவாகும். ஆஸ்சீக்வென்ஸ் போட்டா ஒவ்வொரு பதிவா கடைசி வரை போகும், நடுவுல லிஸ்ட் உருவாகாது. சின்ன லிஸ்ட்டுக்கு அது வீண் வேலை.

பதில் 1: முதல் பொருத்தம் மட்டும் வேணும்னா ஃபில்டர் போட்டு பூஜ்யமாவதை (முதல் உறுப்பை) எடுக்காதீங்க, ஃபைண்ட் போடுங்க, கிடைச்சதும் நின்னுடும். அளக்கும்போது கொஞ்ச நேரம் ஓடவிட்டு அளங்க. ஜிட் (ஓடும்போதே கோடை வேகமாக்கற கம்பைலர்) சூடாகறதுக்கு முன்னாடி வர்ற நம்பரை நம்பாதீங்க.