இறால் முட்டையைக் காக்கும் பாக்டீரியா நம்மையும் காக்குமா?

நெய்தல்:
சினை இறாலின் வயிற்றடியில் முட்டைகள் நாள் கணக்கில் கடல்நீரில் ஊறியபடி கிடக்கின்றன. சுற்றிலும் பூஞ்சை வித்துகள் மிதந்தாலும் அவை அழுகுவதில்லை. கடல் வேதியியலாளர் வில்லியம் ஃபெனிக்கலின் குழுவினர் 1989இல் இதற்கு விடை கண்டார்கள். பேலிமோன் மேக்ரோடாக்டைலஸ் என்ற இறாலின் முட்டைகள்மேல் வாழும் ஆல்டிரோமோனாஸ் பாக்டீரியா, பூஞ்சையைத் தடுக்கும் ஐசாட்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. பாக்டீரியாவை நீக்கியதும் பூஞ்சை தாக்கி முட்டைகள் மடிந்தன. பாக்டீரியாவைத் திரும்பச் சேர்த்தபோது பிழைத்தன. ஐசாட்டினை மட்டும் கொடுத்தபோதும் பிழைத்தன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் காலத்தில் புது மருந்துக்காக மண்ணிலுள்ள நுண்ணுயிர்களையே கிளறிக்கொண்டிராமல் இந்தக் கடலுயிர்களின் மேல்தோலில் தேட வேண்டும் என்கிறேன்.

மருந்தாளுநர்:
அழகான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் ஐசாட்டின் 1840 வாக்கிலேயே அவுரிச் சாயத்திலிருந்து பெறப்பட்ட பொருள். முட்டையின் மேலுள்ள மெல்லிய படலத்தில் தேவைப்படும் செறிவு வேறு. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்காமல் மனித இரத்தம் முழுவதும் எட்ட வேண்டிய அளவு வேறு. கடற்பஞ்சில் கண்ட பொருள்களின் வழியில் உருவான சைட்டராபின் அமெரிக்காவில் 1969இல் அனுமதி பெற்றது, இரத்தப் புற்றுநோய்க்கு. அசிடியன் என்னும் பை போன்ற கடலுயிரிலிருந்து வந்த டிராபெக்டெடின் 2007இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது, அதுவும் புற்றுநோய்க்குத்தான். செல்லைக் கொல்லும் பொருள் கடலில் ஏராளம். நோயாளியை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்லும் பொருள்தான் அரிது. முதுகெலும்பற்ற கடலுயிரின்மேல் வாழும் பாக்டீரியா தந்த ஆன்டிபயாடிக் ஒன்றாவது மருந்துக்கடைக்கு வந்திருக்கிறதா?

நெய்தல்:
வரவில்லை. அதற்காகத் தேடலை நிறுத்துவதா? ஃபுளோரிடாக் கடலில் எடுத்த ஓர் அசிடியனில் வாழ்ந்த மைக்ரோமோனோஸ்போரா பாக்டீரியாவிலிருந்து டர்பின்மைசின் என்ற பொருள் கிடைத்ததை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 2020இல் அறிவித்தார்கள். கேண்டிடா ஆரிஸ் பூஞ்சையை எதிர்த்து எலிகளில் அது வேலை செய்தது. நச்சும் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பூஞ்சை 2009இல் ஜப்பானிய நோயாளி ஒருவரின் காதில் கண்டறியப்பட்டது. அதன் சில வகைகள் இன்றுள்ள மூன்று முக்கியப் பூஞ்சை மருந்து இனங்களுக்கும் அடங்குவதில்லை. அந்த வகைகளிடம் தோற்கும் நோயாளிக்கு நாம் எதைக் கொடுக்கப்போகிறோம்?

அலைவாய்:
இருவரும் கடலை மறந்துவிட்டீர்கள். புற்றுநோய் மருந்தாகுமா என்று ஆராயப்பட்ட பிரையோஸ்டாட்டின் என்ற பொருளை 18 கிராம் எடுக்க, பூகுலா நெரிட்டினா என்ற கடல் சிற்றுயிரை ஏறக்குறைய 13 டன் அள்ளினார்கள். உண்மையில் அந்தப் பொருளை உண்டாக்குவது பூகுலாவுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. பூகுலாவின் இளம் உயிர்களை மீன்கள் துப்பிவிடுவது அந்தப் பொருளால்தான். ஆனால் அந்தப் பாக்டீரியா ஆய்வகத்தில் வளர மறுக்கிறது. ‘மேல்தோலில் தேடுவோம்’ என்று எளிதாகச் சொல்கிறோம். கிடைத்த பிறகு எத்தனை டன் உயிர்களை அள்ளுவோம்?

நெய்தல்:
நல்ல கேள்வி, தோழர். அதனாலேயே விலங்கை விட்டுப் பாக்டீரியாவைப் பிடிக்கச் சொல்கிறேன். டர்பின்மைசின் தரும் பாக்டீரியா ஆய்வகத்தில் வளர்கிறது. டிராபெக்டெடினுக்குக்கூட இப்போது அசிடியனை அள்ளுவதில்லை. சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் என்ற பாக்டீரியாவைக் கலனில் வளர்த்து, அது தரும் பொருளை வேதிமுறையில் மாற்றிக்கொள்கிறார்கள்.

மருந்தாளுநர்:
வளர்த்துவிடலாம், ஐயா. பிறகு யார் வாங்குவார்கள்? அச்சாவோஜென் நிறுவனத்தின் பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 2018 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது. அடங்காத கிருமிக்கான மருந்தை மருத்துவர் கடைசி ஆயுதமாகத்தான் எடுப்பார். அப்படித்தான் எடுக்கவும் வேண்டும். விற்பனை குறைவு, செலவு மலையளவு.

நெய்தல்:
அது கடலின் குற்றமில்லையே! மண்ணில் கிடைத்தாலும் அதே கதிதான். இங்கிலாந்து 2022இல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு விற்பனை அளவைப் பாராமல் ஆண்டுச் சந்தா கொடுக்கத் தொடங்கியது. வழி இருக்கிறது.

மருந்தாளுநர்:
அந்தச் சந்தா, உருவாகி முடிந்த மருந்துக்கு. தொடக்க நிலை ஆய்வுக்குப் பணம் தரும் கார்ப்-எக்ஸ் அமைப்பு 2016 முதல் இயங்குகிறது. ஆனால் அதன் நோக்கம் பாக்டீரியாத் தொற்று. நீங்கள் காட்டிய மிகச் சிறந்த சான்று ஒரு பூஞ்சை மருந்து. எலிக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள ஆண்டுகளுக்கு யார் பணம் தருவார்கள் என்று சொல்லுங்கள், நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.