கரு எப்ப உயிராகுது? கருத்துச் சொல்லாதீங்க, உங்களுக்குத் தெரிய நடந்தத சொல்லுங்க

உப்புவெளிக்காரி:
பாலையூற்றில ஒரு ஆண்டுத்திவச வீட்டில சாப்பிட்டு முடிய கருக்கலைப்புப் பற்றின கதை வந்து பெரிய சண்டையாப் போச்சு. மாமா ஒராள் "அமெரிக்காவிலயே தடை போட்டாச்சு, நீங்க என்ன கதைக்கிறீங்க" எண்டார். தடை போடேல்ல, கருக்கலைப்பு உரிமை எண்டு சொன்ன 1973 தீர்ப்ப 2022 ஜூன்ல அவங்கட உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்துபோட்டு ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவெடுக்கட்டும் எண்டு விட்டது, சில மாநிலத்தில தடை, சிலதில இல்ல. அத விடுவம். அங்க இருந்த ஒருத்தருக்கும் எங்கட இலங்கைச் சட்டம் தெரியாது, அதுதான் எனக்குச் சிரிப்பு. வெள்ளைக்காரன் 1883ல எழுதின தண்டனைச் சட்டக் கோவை, 303ம் பிரிவு. தாயின்ட உயிரக் காப்பாத்த மட்டும்தான் கலைக்கலாம், மற்றதெல்லாம் குற்றம். 3 வருசம் வரை மறியல் (சிறை), வயித்தில பிள்ளை துடிக்கிறது, அதாவது அசையிறது, தாய்க்குத் தெரியத் தொடங்கினாப் பிறகு எண்டா 7 வருசம் வரை. தானே கலைக்கிற பொம்பிளைக்கும் இதே சட்டம்தான். வல்லுறவு எண்டாலும் விலக்கில்ல.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
பிள்ள, நான் மூதூர்ப் பக்கம் வேலை செய்தனான், பாலங்கள் வர முந்தி, லோஞ்ச்ல டவுனுக்குப் போற காலம். எல்லாத்தையும் எழுதேலாது, ஒண்டு சொல்றன். நாலு பிள்ளையோட ஒரு தாய், மனுசன் கட்டார்ல. வீட்டுக்குப் போனா பாயில சுருண்டு கிடக்கிறா, கிணத்தடியில வழுக்கி விழுந்ததாம். உடம்பு நெருப்பாக் கொதிக்குது, மணமும் சரியில்ல, விழுந்தா அப்பிடி வராது எண்டு எனக்குத் தெரியும், அவவுக்கும் நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு தெரியும். ஆஸ்பத்திரிக்கு வா எண்டா மாட்டனெண்டு அழுறா, பொலிஸ் வரும், ஊருக்குத் தெரியும், பிள்ளையள ஆர் பாக்கிறது எண்டு. வைத்தியம் செய்ய வேண்டியது அவங்கட கடமை, பேசினா வாங்கிக்கொள்ளு, செத்துப் போகாத எண்டு இழுத்துக்கொண்டு போனன். உண்மையில பேச்சு விழத்தான் செய்தது, ஆர் எண்டு சொல்லமாட்டன். ஆள் தப்பிட்டா.

போற வழியில துடிப்புத் தெரிஞ்சதா எண்டு கேட்டனான். பதிலே இல்ல. முதல் பிள்ளைக்கு 18, 20 கிழமையிலதான் அசைவு தெரியும், பெத்துப் பழகினவளுக்கு 16லயே தெரிஞ்சிரும். அப்ப ஒரே வயசுக் கருவுக்கு ஒருத்திக்கு 3 வருசம், மற்றவளுக்கு 7 வருசமா? அதுவும் அவளுக்கு மட்டும் தெரிஞ்ச விசயம், ஆர் சாட்சி? ஸ்கேன் இல்லாத காலத்து ஆம்பிளையள் கீறின கோடு இது. இப்ப 6 கிழமையிலயே ஸ்கேன்ல இதயத் துடிப்புக் காட்டுறாங்க, கோடு மட்டும் அங்கயேதான் கிடக்கு.

கிண்ணியா வாப்பா:
அக்கா சொன்னது சரி. எங்கட தங்கச்சிட 20 கிழமை ஸ்கேன்ல பிள்ளைக்கு மண்டையோடு மூடல்ல எண்டு சொல்லிட்டாங்க, பொறந்தாலும் தங்காது. கலைக்க ஏலாது, தாய்ட உயிருக்கு ஆபத்தில்ல எண்டு டொக்டர் சொன்னார், அவர்லயும் பிழையில்ல, சட்டம் அதுதான். மௌலவிட்டப் போனா 120 நாள்ல ரூஹ் (உயிர்) ஊதப்படும், அது தாண்டிட்டு எண்டார். சட்டமும் மார்க்கமும் ஒண்டாத்தான் கதவச் சாத்திச்சு. ஒராள் சென்னைக்குக் கூட்டிப் போங்க, அங்க இப்பிடிக் கேஸுக்கு மெடிக்கல் போர்ட் 24 கிழமைக்குப் பிறகும் அனுமதிக்கும் எண்டார், 2021ல சட்டத்த மாத்தினவங்களாம். காசுக்கு எங்க போற? சுமந்தாள். கிளினிக்ல மத்தப் பொம்பிளைகள் ஆணா பொண்ணா எண்டு கேக்கக் கேக்க மாசக்கணக்கா சுமந்தாள். பொறந்து அசர் தொழுகைக்கு முன்னாடியே மௌத். பேர் வெச்சித்தான் அடக்கினோம். நான் பொதுவா கலைக்கிறதுக்கு எதிர்தான், இண்டைக்கும் எதிர்தான், ஆனா அந்த மாசங்கள அவள்ட தலையில கட்டினது நியாயமா எண்டு கேட்டா எனக்கு வாய் வராது.

டச்பே தம்பி:
நாங்க வேதக்காரர், கத்தோலிக்கர். கருத்தரிச்ச நிமிசத்தில இருந்தே உயிர், எனக்கு அதில ரெண்டாம் கதை இல்ல. மனுசிக்கு 8 கிழமையில தானாக் கலைஞ்சது, நாங்க ரெண்டு பேரும் பிள்ளை செத்த மாதிரித்தான் அழுதம், ஆக்கள் "அது வெறும் ரத்தம்தானே, அடுத்தது வரும்" எண்டு சொல்ல எனக்கு வந்த கோவம்! 2017ல வல்லுறவுக்கும் கடுமையான குறைபாட்டுக்கும் விலக்குக் குடுக்கப் பாக்கேக்க எங்கட ஆயர்மார் எதிர்த்தவை, நானும் எதிர்ப்புத்தான். பொம்பிளையள மறியலுக்கு அனுப்பச் சொல்லி நான் சொல்லேல்ல.

உப்புவெளிக்காரி:
தம்பி, கோவிக்காதீங்க, உங்கட கண்ணீர நான் மதிக்கிறன். ஆனா எதிர்க்கிறதெண்டா மறியலையும் சேத்துத்தானே, இப்ப இருக்கிற சட்டம் அதுதான். 1995லயும் இதே மாதிரித் திருத்தம் கொண்டந்து பின்வாங்கினவங்க. ஒவ்வொரு தரமும் ஆரோ ஒரு பெரியவர் மறுப்பார், மூதூர்ப் பாயில கிடக்கிறவளக் கேக்க ஒருத்தரும் போறேல்ல.

பேரில்லாதவள்:
அக்காமார், ஒரு கேள்வி, திட்டாதீங்க. கரு தங்காம இருக்க அவசரத்துக்குப் போடுறதெண்டு பாமசில குடுக்கிற போஸ்டினோர் குளிசையும் கருக்கலைப்பா? அதுக்கும் பொலிசா?

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
இல்ல மகள், அது சட்டப்படி விக்கிறது, பயப்பிடாத. முட்டை வெளிய வாறதப் பிந்த வைக்கும், அவ்வளவுதான், கரு தங்கினாப் பிறகு அது ஒண்டும் செய்யாது. உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள்ள, முந்திப் போட்டா நல்லம். நாள் தள்ளிப் போனா அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்காம உங்கட ஏரியா மிட்வைஃபிட்டப் போய்ச் சொல்லு. தனியாப் போக வெக்கமெண்டா எனக்கு உள்பெட்டியில எழுது.