வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை: பூண்டஸ்லீகாவை எப்படிப் பின்தொடர்கிறீர்கள்?

எஸ்ஸன்_புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக எஸ்ஸன் நகருக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ஊரில் இருந்த காலத்திலும் ஜெர்மன் கால்பந்தின் முதல்நிலை லீக்கான பூண்டஸ்லீகாவைப் பார்ப்பதுண்டு. ஆனால் குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டம் நமக்கு இரவு ஒரு மணிக்குத்தான் தொடங்கும் என்பதால், வாரத்துக்கு ஓர் ஆட்டம், அதுவும் பெரும்பாலும் பயர்ன் மூனிக் ஆடுகிற ஆட்டம் என்ற அளவோடு நின்றுவிடும். இங்கு வந்ததும் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு கட்டணச் சேவைகளுக்கும் சந்தா கட்டினேன். சென்ற வார இறுதியில், உறங்கிய நேரமும் சமைத்த நேரமும் போக, வெள்ளி இரவு 8.30 மணியிலிருந்து ஞாயிறு இரவு வரை திரையை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் காப்பி இயந்திரத்தின் அருகே நின்றிருந்த சக ஊழியர், சனிக்கிழமை ஆட்டங்களில் எது பிடித்தது என்று கேட்டார். என்னால் ஒரு வாக்கியம்கூட உருப்படியாகச் சொல்ல முடியவில்லை. எந்தக் கோல் எந்த ஆட்டத்தில் விழுந்தது என்பதே நினைவில்லை. எல்லாம் ஒரே கூழாகக் கலந்து கிடந்தது.

நீங்கள் எல்லாம் ஒரு வார இறுதியை எப்படிப் பின்தொடர்கிறீர்கள்? ஒன்பது ஆட்டங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்குச் சொந்தமாக ஒரு கழகம் இல்லை. பயர்ன் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

----

கெல்சன்கிர்ஷன்_பழையவர் எழுதியது:

தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் பரிதாபப்படுவதோடு விட்டாரே என்று சந்தோஷப்படுங்கள். நான் இந்தப் பக்கம் வந்து குடியேறி முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யேர்மனியில் ஒரு சுற்று உதைபந்தாட்டத்தை ‘ஸ்பீல்டாக்’ என்பார்கள். ஆட்ட நாள் என்று பொருள். மூன்று நாட்களுக்கு இழுபட்டாலும் அதற்குப் பெயர் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளின் நடு, சனிக்கிழமை பிற்பகல் 3.30 மணி. வெள்ளி இரவு ஓர் ஆட்டம், சனி 3.30க்குப் பெரும்பாலும் ஐந்து ஆட்டங்கள், 6.30க்கு ஒன்று, மிச்சம் ஞாயிறு. அந்த ஐந்தும் ஒரே நேரத்தில் தொடங்கி ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகிறபடியால், அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்தவனுக்கு மற்ற நான்கும் இல்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாலோ முடிவு தெரிந்த கதை.

இதற்காகவே இங்கே ‘கோன்ஃபெரென்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது: ஐந்து ஆட்டங்களுக்கும் மாறி மாறித் தாவுகிற நேரடி ஒலிபரப்பு. தொலைக்காட்சியிலும் உண்டு, 2025-26 பருவத்திலிருந்து சனிக்கிழமைக்குரியது கட்டணச் சேவையான டஸோனிடமும், அந்த ஐந்தையும் தனித்தனியே காட்டும் உரிமை இன்னொரு கட்டணச் சேவையான ஸ்கையிடமும் இருக்கின்றன. ஆனால் நான் சொல்ல வருவது வானொலி. பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏஆர்டியின் வானொலியில் ஐந்து அரங்குகளிலும் ஐந்து வர்ணனையாளர்கள் இருப்பார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கோ கோல் விழுந்தால் இன்னொருவர் குறுக்கே விழுந்து கத்துவார். முதலில் உங்கள் காதில் விழுவது கூட்டத்தின் இரைச்சல். ஊரின் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். அந்த அரை நொடியில், இரைச்சல் அரங்கு முழுக்க நிறைந்திருக்கிறதா, ஒரு மூலையில் இருந்து மட்டும் வருகிறதா என்று கவனித்தால், கோலடித்தது வீட்டு அணியா வந்த அணியா என்று பெயர் சொல்லுமுன்பே பிடித்துவிடலாம். இது ஒரு சதமும் செலவில்லாத வித்தை. நான் சனிக்கிழமை பின்னேரம் உடுப்புகளை ஸ்திரி போடுகிற சாட்டில் இதைத்தான் கேட்பேன்.

2001 மே 19 அன்றும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் மட்டும் ஒன்பது ஆட்டங்களும் ஒரே வேளையில் நடக்கும். பயர்ன் எங்கள் ஊர்க் கழகமான ஷால்கயைவிட மூன்று புள்ளிகள் முன்னால் நின்றது. ஹம்பர்க்கில் ஒரு சமநிலை கிடைத்தால் அவர்களுக்குப் போதும். எங்கள் ஷால்க, பழைய அரங்கான பார்க்ஸ்டேடியனில் நடந்த கடைசி லீக் ஆட்டத்தில் உன்டர்ஹாக்கிங்கிடம் இரண்டு கோல் பின்தங்கி, பிறகு 5-3 என்று வென்றது. தொண்ணூறாவது நிமிடத்தில் ஹம்பர்க்குக்காக பார்பரேஸ் தலையால் முட்டிக் கோலடித்ததாக வானொலி கத்தியபோது, மேல்வீட்டுக்காரர் தரையில் குதித்த குதியில் எங்கள் சமையலறை விளக்கு ஆடியது. ஹம்பர்க்கில் ஆட்டம் முடிந்துவிட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு, பார்க்ஸ்டேடியனில் சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆனால் ஹம்பர்க்கில் ஆட்டம் முடியவில்லை. ஹம்பர்க் கோல்காப்பாளர் ஷோபர், தன் அணிக்காரர் தந்த பந்தைக் கையால் எடுத்தார் என்று நடுவர் மெர்க் பெனால்டிப் பகுதிக்குள்ளேயே மறைமுகத் தனியுதை கொடுத்தார். பத்ரிக் ஆண்டர்சன் அடித்தார். பந்து ஆட்களின் கால்களுக்கிடையே புகுந்து உள்ளே போனது. பயர்ன் சாம்பியன். அந்த ஷோபர், ஷால்கயில் இருந்து ஹம்பர்க்குக்கு இரவலாகப் போயிருந்தவர் என்பதை இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒருவருக்கும் நினைவுபடுத்தக் கூடாது.

மேல்வீட்டில் அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கோலின் காட்சியைப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். எனக்கு நினைவில் நிற்பது வானொலியும் அந்த விளக்கும்தான்.

ஆகவே, தம்பி: வெள்ளி ஆட்டம் விருப்பமிருந்தால் பாருங்கள். சனிக்கிழமை வானொலி. 6.30க்கு ஏஆர்டியில் ஸ்போர்ட்ஷாவ், 1961 முதல் நடந்துவருகிற நிகழ்ச்சி, இலவசம். காதால் கேட்ட கோல்களை அதில் கண்ணால் சரிபாருங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கென்று ஒரு கழகம் ஆடினால் ஒழிய வெளியே போய் நடவுங்கள்.

----

கோப்பெனிக்_கமலி எழுதியது:

ஐயா சொன்னதைக் கேட்டதும் எனக்கும் ஒரு வானொலிப் பெட்டி வாங்க வேண்டும் போல் இருக்கிறது. ஆனாலும் ஒரு மாற்றுக்கருத்து உண்டு. வானொலியோ திரையோ, இரண்டும் ஏற்கெனவே ஒரு கழகத்தின்மீது மனம் ஒட்டியவர்களுக்கு உரியவை. கேள்வி கேட்டவருக்கு முதலில் தேவைப்படுவது, வார இறுதிக்கு ஒரு முறையேனும் நின்று பார்க்க ஓர் இடம்.

‘நின்று’ என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். நான் பெர்லினில் யூனியன் கழகத்தின் ரசிகை. கோப்பெனிக் காட்டோரத்தில் இருக்கும் எங்கள் அரங்கின் பெயருக்குப் பழைய வனக்காவலர் இல்லம் என்று பொருள். அங்கே 22,012 பேருக்கு இடம் உண்டு. அதில் இருக்கைகள் 3,617 மட்டுமே, மற்ற அனைவரும் நிற்பவர்கள். 2008-09இல் கழகத்திடம் பணம் போதாமல் இருந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஊதியம் வாங்காமல் கான்கிரீட் கலந்து அந்த நிற்குமிடங்களைக் கட்டினார்கள். கோல் எண்ணிக்கையைக் கையால் மாற்றும் பழைய பலகையை இன்னும் வைத்திருக்கிறோம். நான் அங்கே முதன்முதலில் போனது ஒரு ஜனவரி மாதம். பதினைந்தாவது நிமிடத்துக்குள் பாதங்கள் மரத்துவிட்டன. பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர், ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து மடித்த அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என் காலடியில் போட்டார். கான்கிரீட்டின் குளிர் அட்டையைத் தாண்டி ஏறாது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கள் அணியினரின் பெயரை அறிவிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பிறகு அரங்கமே ‘கால்பந்துக் கடவுள்’ என்று ஜெர்மனில் முழங்கும்; மாற்று ஆட்டக்காரர் ஆனாலும் கடவுள்தான்.

2019 ஆகஸ்ட் 18 அன்று எங்கள் முதல் பூண்டஸ்லீகா ஆட்டம் நடந்தது. இந்த நாளைக் காணாமலேயே இறந்துபோன தாத்தா, அப்பா, நண்பர் ஆகியோரின் பெரிய படங்களை ரசிகர்கள் கைகளில் உயர்த்திப் பிடித்து நின்றார்கள். லைப்சிக் அணியிடம் 0-4 என்று தோற்றோம். அன்றைய கோல்கள் ஒன்றையும் என்னால் விவரிக்க முடியாது. படங்களைப் பிடித்திருந்த கைகள் எப்படி இருந்தன என்று சொல்ல முடியும்.

எஸ்ஸனில் இருந்துகொண்டு பயர்ன் ஆட்டத்துக்குச் சீட்டுத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊரிலேயே ரோட்-வைஸ் எஸ்ஸன் இருக்கிறது. 1955இல் ஜெர்மன் சாம்பியன் பட்டம் வென்ற கழகம்; அதற்கு முந்தைய ஆண்டு பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் வெற்றிக் கோலை அடித்த ஹெல்முட் ரான் அங்கே ஆடியவர். நெடுங்காலம் கீழ்நிலைகளில் கிடந்து 2022இல் மூன்றாம் லீகாவுக்கு ஏறி வந்தார்கள். ஹாஃபன்ஷ்ட்ராசெ அரங்குக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

----

கொலோன்_வாசி எழுதியது:

இருவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் புதியவர் ஒருவர் அரங்குக்குப் போனதும் குழம்பப் போகிற ஒரு செய்தியை இருவருமே விட்டுவிட்டீர்கள்: சில நாட்களில் கூட்டம் பாடாது. சில நாட்களில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகள் வந்து விழும். அதையும் சேர்த்துத்தான் வார இறுதியைப் பின்தொடர வேண்டும்.

இங்கே 50+1 என்று ஒரு விதி 1998 முதல் இருக்கிறது. ஒரு கழகத்தின் ஆட்டப் பிரிவு தனி நிறுவனமாக மாறினாலும் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். லெவர்கூசன், வோல்ஃப்ஸ்பர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. உறுப்பினருக்கு வாக்கு இருப்பதால் குரலும் இருக்கிறது. 2023 டிசம்பரில் லீக் அமைப்பு, தொலைக்காட்சி வருவாயில் ஒரு பங்கை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டாளருக்குக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது. முதலிரண்டு லீகாக்களின் 36 கழகங்களில் 24 வாக்குகள், அதாவது சரியாகத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு. அதன்பின் அரங்குகளில் முதல் 12 நிமிடங்கள் மௌனம். பிறகு டென்னிஸ் பந்துகளும் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் நாணயங்களும் பறந்தன. ஆட்டங்கள் பல நிமிடங்கள் நின்றன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அமைப்பு அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் வெள்ளி முதல் ஞாயிறு வரை என்ற வடிவமும் பாதி அப்படி வந்ததுதான். முன்பு திங்கள் இரவிலும் ஆட்டங்கள் வைத்தார்கள். வேலைநாளில் நாட்டின் மறுகோடிக்கு எப்படிப் போவது என்று வெளியூர் ரசிகர்கள் கொதித்தார்கள். 2021-22 முதல் முதலிரண்டு லீகாக்களிலும் திங்கள் ஆட்டங்கள் இல்லை.

கடைசியாக, ஐயாவிடம் ஒரு சிறு சண்டை. சனிக்கிழமையை 6.30 மணியோடு முடித்துவிடாதீர்கள். இரவு 8.30க்கு இரண்டாம் லீகாவில் ஓர் ஆட்டம் இருக்கிறது. இப்போது ஆர்டிஎல் தொலைக்காட்சி அதைக் கட்டணமின்றிக் காட்டுகிறது. 2024-25இல் அந்த லீகாவில் எங்கள் கொலோன், ஹம்பர்க், ஹெர்த்தா, நூரன்பெர்க், கைசர்ஸ்லவுட்டர்ன், உங்கள் ஷால்க எல்லாரும் இருந்தோம். எந்த நாட்டில் இரண்டாம் நிலை லீகாவில் இத்தனை பழைய பெருங்காயச் சட்டிகள் இருக்கும்? ஷால்கவின் அரங்கில் அப்போதும் அறுபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

----

கெல்சன்கிர்ஷன்_பழையவர் எழுதியது:

பெருங்காயச் சட்டி என்றீர்களே, ஒத்துக்கொள்கிறேன். வாசனை போகவில்லை.

----

எஸ்ஸன்_புதுவரவு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தாவை நிறுத்திவிட்டேன். நேற்று 3.30க்கு வானொலியைப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். என் ஜெர்மன் அரைகுறை. வர்ணனையாளர்கள் பேசும் வேகத்துக்குப் பத்தில் நான்கு சொற்கள்தான் பிடிபட்டன. ஆனால் ஐயா சொன்ன அந்த அரை நொடி உண்மை. இரைச்சல் கேட்டதும் கத்தியை நிறுத்திவிட்டு ஊர்ப் பெயருக்காகக் காத்திருந்தேன். மொத்தம் ஏழு முறை ஊகித்து நான்கு முறை சரியாகச் சொன்னேன். எந்தக் கோல் எங்கே விழுந்தது என்று இன்று காலை வரை வரிசையாக நினைவிருக்கிறது. குழம்பில் உப்புப் போட்டேனா என்பதுதான் நினைவில்லை.

அடுத்த வீட்டு ஆட்டத்துக்கு ஹாஃபன்ஷ்ட்ராசெயில் நிற்குமிடச் சீட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரும் கூட வருகிறார். அட்டைப் பெட்டியை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். குளிருக்கு என்னிடம் நல்ல கனமான நீல நிறச் சட்டை ஒன்றுதான் இருக்கிறது. அது போதுமா?

----

கெல்சன்கிர்ஷன்_பழையவர் எழுதியது:

தம்பி, நீலம் எங்கள் ஷால்கவின் நிறம். ரோட்-வைஸ் என்றால் சிவப்பு-வெள்ளை. எஸ்ஸன்காரர்களுக்கு எங்களைக் கண்ணிலும் காட்டக் கூடாது. இன்றே கடைக்குப் போய் வேறு நிறத்தில் ஒன்று வாங்குங்கள். இந்த நீலச் சட்டையை என்னிடம் வரும்போது போட்டுக்கொண்டு வாருங்கள்.