ஓடுற பைக் திடீர்னு நிக்குது, பத்து நிமிஷத்துல திரும்ப ஸ்டார்ட் ஆகுது

கேள்வி: 100 சிசி கார்புரேட்டர் பைக். 15 கிலோமீட்டர் போனதும் இழுவை குறைஞ்சு, இருமி இருமி நிக்குது. கொஞ்ச நேரம் விட்டா பழையபடி ஓடுது. பெட்ரோல் பாதி டேங்க் இருக்கு. ரோட்டோரத்துலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்பேனர்செட்: நின்ன உடனே டேங்க் மூடியைத் திறங்க. 'உஸ்'னு காத்தை உள்ள இழுத்து, வண்டியும் ஸ்டார்ட் ஆச்சுன்னா மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு. பெட்ரோல் குறையக் குறைய டேங்க்ல வெற்றிடமாகி, கார்புரேட்டருக்கு வரத்து நின்னுடும். ஆறினப்புறம் பார்த்தா ஒண்ணும் தெரியாது.

டூவீலர்தாசன்: மாற்றம் இல்லன்னா பிளக்கைக் கழட்டுங்க, சூடு பத்திரம். நுனி காய்ஞ்சிருந்தா பெட்ரோல் வரல. டேங்க் அடியில பெட்ரோலைத் திறந்து மூடுற காக்ல இருக்கிற ஃபில்டரைப் பாருங்க. நனைஞ்சிருந்தா பிளக்கை அதோட ஒயர் கேப்ல மாட்டி, பிளக் ஓட்டையை விட்டு விலகி இன்ஜின் இரும்புல ஒட்டவெச்சு கிக் அடிங்க. நீலப் பொறி வரணும். வரலன்னா சூட்டுல இக்னிஷன் காயிலோ (பொறிக்குக் கரண்ட் தர்றது) பல்சர் காயிலோ (பொறி எப்ப வரணும்னு சிக்னல் தர்றது) விட்டுப்போகுது. ஆனா காயில் கோளாறுன்னா பெரும்பாலும் பட்டுனு நிக்கும், இருமாது. என் ஓட்டு மூடிக்குத்தான்.

ஸ்பேனர்செட்: மூடிதான்னா ஓட்டையைப் பெருசா துளைக்காதீங்க, மழைத்தண்ணி இறங்கும். ஏர் அடிச்சா போதும். அதுவரைக்கும் வழியில அப்பப்ப திறந்து மூடிக்கிட்டே வீடு வந்து சேரலாம்.