டொஃபினோ பக்கம் காட்டுக் கடலோரக் கூடாரத்தில் தங்கியவர்கள் வாருங்கள்: கண்டதும் பட்டதும்

ஆகஸ்டில் மூன்று இரவு, கனடாவின் வான்கூவர் தீவு, மேற்குக் கரை. டொஃபினோ என்ற ஊரிலிருந்து வாட்டர் டாக்ஸியில்தான் போக முடியும். சாலையும் இல்லை, சிக்னலும் இல்லை. மரத்தளத்தின் மேல் கேன்வாஸ் கூடாரம், உள்ளே பஞ்சுமெத்தைக் கட்டில், விறகு அடுப்பு, வெளியே வெந்நீர்த் தொட்டி. கிளாம்பிங், அதாவது சொகுசுக் கூடார வாசம், என்று விளம்பரத்தில் காட்டிய அத்தனையும் இருந்தது. காட்டாத ஒன்றைச் சொல்லத்தான் இந்த இழை.

இறங்கியதுமே டூத்பேஸ்ட், சோப்பு, உதட்டுக்குப் பூசுவது, பாதி தின்ற சாக்லேட் என்று வாசனை உள்ள எல்லாவற்றையும் வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். டூத்பேஸ்டுக்குமா என்று சிரித்தேன்.

இரண்டாம் நாள் விடியற்காலை கடகடவென்று கல் புரளும் சத்தம். யாரோ வேலையை ஆரம்பித்துவிட்டார்கள் என்று எரிச்சலோடு ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால், கருங்கரடி. கடல் நன்றாக வற்றிப் பாறையெல்லாம் வெளியே கிடக்கிறது. ஒரு கையால் கல்லைத் தூக்கிப் புரட்டுகிறது, அடியில் ஓடும் குட்டி நண்டுகளை நக்குகிறது, அடுத்த கல்லுக்குப் போகிறது. நடுராத்திரிப் பசியில் சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பவரின் அதே மும்முரம். கரடியிடமிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்பது அங்கே விதி. இது அறுபதுகூட இருக்காது. நடுவில் இருந்தது ஒரு துணி. இருபது நிமிடம் நான் இருமக்கூட இல்லை. தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் அது திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டது.

நாளுக்கு இரண்டு தடவை கடல் வற்றும். மறுநாள் அது சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கணக்குப் போட்டு மறுநாள் காமிராவோடு உட்கார்ந்தேன். வரவில்லை!

குறை ஒன்று: ஈரம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம். மூன்று நாளும் காலுறை காயவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு அணைந்தால் நாம்தான் எழுந்து விறகு போடவேண்டும்.

*

நாங்கள் போன வருசம் போனனாங்கள். கரடி காணேல்லை. விடிய எழும்பிப் பாத்தால் மணலில காலடி, பெரிய நாயின்ர மாதிரி. மகள் "நாய் வந்திருக்கு அப்பா" எண்டு துள்ளினவள். அங்க வேலை செய்யிற பெடியன் வந்து தன்ர உள்ளங்கையைப் பக்கத்தில வைச்சுக் காட்டினான். ஓநாய். எங்கட படிக்கட்டுக்குப் பத்தடி தள்ளி, நேர்கோடு கீறின மாதிரிப் போயிருக்கு. நாங்கள் நாலு பேரும் குறட்டை. இந்தக் கரையில ஓநாயள் தீவுக்குத் தீவு நீந்திப் போகுமாம், மீனும் தின்னுமாம். அண்டைக்கு இரவு மகள் எங்களுக்கு நடுவிலதான் படுத்தவள்.

*

எனக்கு மிருகம் இல்லை, மரம். தங்கிய இடத்திலிருந்து படகில் மியர்ஸ் தீவுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு பெரிய சிடார் மரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே நீளமாகப் பட்டை உரித்த தழும்பு. இடி விழுந்ததா என்று கேட்டேன். வழிகாட்டி அந்த மண்ணின் ட்லா-ஓ-குவி-ஆட் மக்களில் ஒருவர். கூடையும் கயிறும் பின்னுவதற்கு எடுத்த பட்டை என்றார். மரம் சாகாத அளவுக்கு ஒரு கீற்று மட்டும் எடுப்பார்களாம். மரம் இன்னும் பச்சையாக நிற்கிறது.

இந்தத் தீவின் மரங்களை வெட்ட வந்தபோது 1984இல் அவர்களே இதைத் தங்கள் பழங்குடிப் பூங்கா என்று அறிவித்துத் தடுத்தார்கள். அதைச் சுற்றியுள்ள கிளாக்வட் கடற்பகுதிக் காடுகளுக்காக 1993இல் சாலையை மறித்து 800 பேருக்கு மேல் கைதானார்கள். நாம் வெந்நீர்த் தொட்டியில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கும் காடு இப்படித்தான் மிச்சமிருக்கிறது. எங்கள் இடத்துக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒயின் பட்டியல் இரண்டு பக்கம்.

*

என் ஷூவுக்குள் வாழைப்பழ நத்தை. ஓடு கிடையாது, மஞ்சள் நிறம், சாண் நீளம். காலை விட்ட பிறகுதான் தெரிந்தது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

*

இழையைத் தொடங்கியவன்தான். நத்தைக்கு என் அனுதாபங்கள்.

சிறு பிள்ளைகளோடு போகலாமா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். போகலாம், ஆனால் முதல் நாளே மேட்டுக்கு ஏறும் பாதையைப் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். 1700 ஜனவரியில் இந்தக் கரையையே புரட்டிப் போட்ட நிலநடுக்கமும் சுனாமியும் ராத்திரியில் வந்தவை. தரை ரொம்ப நேரம் ஆடினால் சைரனுக்குக் காத்திருக்காமல் ஏறு என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். அப்புறம் கடல் வற்றும் நேர அட்டவணையை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே இணையம் இருக்காது. ஷூவைக் கூடாரத்துக்குள்ளே வையுங்கள்.